மூணு விசில் வந்ததும் கூப்பிடுங்க!

உள்ளே விட்டுவிட்டார்கள்! கழுத்தில் விசிட்டர் அட்டை, காலில் நீல பிளாஸ்டிக் உறை, உடம்பில் என்னைப் போல் இரண்டு பேர் நுழையலாம் என்கிற அளவுக்கு வெள்ளைக் கோட்டு. சாணக்யபுரியில் ஒரு மருத்துவமனை. அதன் அடித்தளத்தில், லிஃப்ட்டுக்குப் பின்னால், நோயாளிகளும் உறவினர்களும் எட்டிப்பார்க்கவே வழியில்லாத ஹிஸ்டோபதாலஜி லேப். மருத்துவமனையின் பெயரைப் போடக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதையும் தொடக்கூடாது. மூன்றுக்கும் பூம்பூம் மாடாகத் தலையாட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். நீங்களும் கூடவே வாருங்கள். கதவை மட்டும் மெதுவாகச் சாத்துங்கள், ஏன் என்று பிறகு தெரியும்.

வெளியே மே மாதத்து டெல்லி கொதிக்கிறது. சாந்தி பத்தில் தூதரகங்கள் புல்வெளிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நிற்கின்றன. கௌடில்ய மார்க்கில் நம் வைகைத் தமிழ்நாடு இல்லம். பக்கத்திலேயே நீதி மார்க், நியாய மார்க், சத்ய மார்க். ஆட்டோக்காரர் இந்தப் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி, கடைசியில் மீட்டர் போட மறுத்தார். அது தனிக் கதை.

வழிகாட்டி, ஆர்.கே.புரத்தில் வளர்ந்த ஓர் இளம் டெக்னீஷியன். மலை மந்திர் படியில் ஓடி விளையாடிய பெண். டெல்லித் தமிழ்ப் பள்ளியில் படித்ததால் தமிழ் சுத்தமாக வரும், அவசரம் வந்தால் பாதியில் இந்திக்கு மாறிவிடும். "வாங்கக்கா, மூக்கைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. பாஞ்ச் மினிட்ல பழகிடும்."

நாம் பார்க்க வந்திருப்பது ஒரு அபூர்வமான புற்றுநோயை. லியோமயோசார்கோமா. நம் உடம்பில் நம் பேச்சைக் கேட்காத தசை ஒன்று உண்டு, மென்தசை. குடலை நெளிய வைப்பது, ரத்தக் குழாயைச் சுருக்குவது, பிரசவத்தில் கர்ப்பப்பையை இறுக்குவது, ஏன், பேய்ப்படம் பார்க்கும்போது கையில் மயிர்க்கூச்செறிய வைப்பதும் அதுதான். அந்தத் தசையில் எங்கே வேண்டுமானாலும் இந்தப் புற்று முளைக்கலாம். அதிகம் முளைக்கிற இடங்களில் ஒன்று கர்ப்பப்பை. அதே கர்ப்பப்பையில் அதே தசையிலிருந்து முளைக்கும் ஃபைப்ராய்டு கட்டியோ ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு; ஆனால் அதில் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. சாதுவும் போக்கிரியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எது எது என்று பிரித்துச் சொல்வதும், போக்கிரி என்றால் எவ்வளவு வேகமான போக்கிரி என்று சொல்வதும் இந்த அடித்தளத்துக்காரர்களின் வேலை.

முதல் அறை, கிராஸிங். அறுவை அரங்கிலிருந்து வரும் உறுப்புகளை வெட்டிப் பார்க்கும் இடம். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கிறது. 1893இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் பிளம் என்ற மருத்துவர் இதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். தன் விரல் நுனிகள் விறைத்துப் போவதைப் பார்த்து, 'அட, திசுவைக் கெடாமல் வைக்க இது உதவுமே' என்று கண்டுகொண்டாராம். அவர் விரலுக்கு நன்றி. ஆனால் அந்த நெடிக்கு யாரைத் திட்டுவது?

மேஜையில் ஜாடிகள், ஜாடிகள், மேலும் ஜாடிகள். ரெசிடென்ட் டாக்டர் இரட்டைக் கையுறை, ரப்பர் ஏப்ரன், முகமூடி, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு வியர்வையில் நனைந்திருக்கிறார். எக்ஸாஸ்ட் ஃபேனின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் கத்திக் கத்திக் குறிப்புச் சொல்கிறார். என்னைப் பார்த்ததும் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். குறுகிய வாய் பாட்டில், உள்ளே முஷ்டி அளவுக் கட்டி. எங்கிருந்தோ வந்தது. கட்டி புதிதாக இருக்கும்போது மெத்தென்று உள்ளே திணித்துவிட்டார்கள். ஃபார்மலினில் ஊறி விறைத்துவிட்டது, இப்போது வெளியே வர மறுக்கிறது! "போன வாரம் ஊறுகாய் ஜாடி, அதுக்கு முன்னாடி மினரல் வாட்டர் பாட்டில். அதான் இந்த ரூம்ல யாரும் தண்ணி பாட்டில் கொண்டு வரக் கூடாதுன்னு ரூல். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்ல?" கேட்டதும் எனக்குத் தாகமே போய்விட்டது.

அடுத்த கட்டியைக் கத்தியால் பிளக்கிறார். "இதைப் பாருங்க, ஃபைப்ராய்டு." வெள்ளை வெளேரென்று, கெட்டியாக, வெட்டிய முகம் லேசாகப் பிதுங்கி நிற்கிறது. உள்ளே இழைகள் சுருண்டு சுருண்டு கோரைப்பாய்ப் பின்னலாக ஓடுகின்றன. கண்ணுக்கு அழகு என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள். பக்கத்துத் தட்டில் இன்னொன்று. அதில் பின்னலே இல்லை. சதைப்பற்றாக, கொழகொழவென்று, மஞ்சளும் சாம்பலும் கலந்து, நடுநடுவே ரத்தம் கசிந்து, அழுகின திட்டுகள். "கத்தி உள்ளே போகும்போதே கைக்குத் தெரிஞ்சிடும்" என்கிறார். எண் ஒட்டிய ஜாடி அது. யாருடையது, என்ன வயசு, எந்த ஊர், யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று நாம் பின்தொடரப் போவது இந்த எண்ணைத்தான்.

இங்கே ஒரு நிமிடம். இந்த இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது என்பதால் வந்த வினை ஒன்று உண்டு. லேப்ராஸ்கோப்பியில் சின்னத் துளை வழியே ஃபைப்ராய்டை எடுக்க, வயிற்றுக்குள்ளேயே அதைத் துண்டு துண்டாக அரைக்கும் மார்சலேட்டர் என்ற கருவி பரவலாக இருந்தது. உள்ளே இருந்தது ஃபைப்ராய்டு இல்லை, சார்கோமா என்றால்? அரைத்த துகள் வயிறு முழுக்கச் சிதறும். 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. எச்சரித்தது: ஃபைப்ராய்டு என்று நினைத்து அறுவை செய்துகொள்ளும் சுமார் 350 பெண்களில் ஒருவருக்கு உள்ளே மறைந்திருப்பது சார்கோமாவாக இருக்கலாம். அந்த விவகாரத்தைக் கிளப்பியவர்களில் முக்கியமானவர் ஏமி ரீட் என்ற மயக்கவியல் மருத்துவர். அவருக்கே அப்படி நடந்தது. 2017இல் இறந்துபோனார். கிராஸிங் அறையில் இந்தப் பெயரைச் சொன்னதும் கத்தி ஒரு நொடி நின்றது.

அடுத்த அறைக்குப் போகலாம், கதவை மெதுவாக! மெழுகு அறை இது. நம் எண்ணின் திசுவை முன்பே வெட்டியெடுத்து, ராத்திரி முழுக்க அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, அதற்குள் மெழுகை ஏற்றி, தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு பிளாக் ஆக்கியிருக்கிறார்கள். அதைச் சீவும் எந்திரம் மைக்ரோடோம். எதிரே உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் 'மாஸ்டர்ஜி' என்கிறார்கள். ஓய்வு பெறும் வயசு நெருங்குகிறது. அவர் வந்து உட்கார்ந்ததும் ஃபேன் நிற்கிறது, யாரும் தும்மக்கூடாது. காரணம், சீவல் மூன்று நான்கு மைக்ரான் தடிமன்தான். ஒரு தலைமுடியின் தடிமனை இருபதாகப் பிளந்தால் வரும் கனம். கதவைப் படாரென்று சாத்தினால் பறந்துவிடும்.

பிளாக்கை ஐஸ் தட்டில் கவிழ்த்து வைக்கிறார். பக்கத்து டீக்கடையிலிருந்து வந்த ஐஸா என்று கேட்டேன். முறைத்தார். கைப்பிடி சுற்றுகிறது, சர்... சர்... சர்... ஒன்றோடொன்று ஒட்டி நீள்கிறது மெழுகு நாடா. மூச்சை அடக்கி, பிரஷ் நுனியால் தூக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விடுகிறார். சுருக்கம் எல்லாம் விரிந்து பளிச்சென்று நீள்கிறது. கண்ணாடி ஸ்லைடைத் தண்ணீருக்கடியில் கொண்டுபோய் ஒரே தூக்கு. ஏறிவிட்டது! அப்போதுதான் மாஸ்டர்ஜி மூச்சு விட்டார். நானும் விட்டேன். நெற்றி வியர்வை பிளாக்கில் விழாமல் இருக்க அவர் கர்ச்சீப்பைத் தலையில் கட்டியிருக்கும் அழகு இருக்கிறதே, ஜல்லிக்கட்டுக்கே அனுப்பலாம்.

முதல் ஸ்லைடுக்கு ஊதாவும் ரோஜா நிறமும். ஊதாச் சாயம் ஹீமடாக்சிலின், மெக்சிகோப் பக்கம் விளையும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருவது. முன்பு துணிக்குப் போட்ட சாயம் இன்று உலகத்தின் பெரும்பாலான புற்றுநோய்த் தீர்ப்புகளில் இருக்கிறது! இந்த ஸ்லைடில் மூன்று விஷயம் தேடுவார்கள்: செல்களின் கரு கோணல்மாணலாக இருக்கிறதா, செல்கள் எத்தனை இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கின்றன, கட்டிக்குள் செத்துப்போன திட்டு உண்டா. 1994இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் வகுத்துக் கொடுத்த கணக்கு, இன்றுவரை அதுதான் அடிப்படை. மூன்றில் இரண்டு இருந்தால் பெரும்பாலும் போக்கிரி. இரண்டுங்கெட்டானாக நிற்பவற்றுக்கு 'எந்தப் பக்கம் போகும் என்று உறுதியில்லாத கட்டி' என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மருத்துவத்தில் இவ்வளவு நேர்மையான பெயர் அபூர்வம்.

சரி, கட்டி எந்தக் குடும்பம், எவ்வளவு வேகம் என்று சொல்ல அதன் செல்களில் உள்ள புரதங்களையும் பார்க்க வேண்டுமே, அது எங்கே? இதோ, எனக்கு மிகப் பிடித்த அறை.

அறை மூலையில் ஒரு மின் அடுப்பு. அடுப்பின் மேல், சத்தியமாகச் சொல்கிறேன், பிரஷர் குக்கர்! நம் வீட்டு அலுமினிய குக்கரேதான். மூடியில் மார்க்கர் பேனாவால் இந்தியில் 'சமைக்க அல்ல' என்று எழுதியிருக்கிறது. கீழே யாரோ விஷமமாக 'சாம்பாரும் கூடாது' என்று தமிழில் சேர்த்திருக்கிறார்கள். யார் என்று நான் பார்த்ததும் நம் ஆர்.கே.புரத்துப் பெண் அவசரமாக ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

விஷயம் இதுதான். ஃபார்மலின் திசுவைக் காப்பாற்றும்போது புரதங்களையெல்லாம் ஒன்றோடொன்று பிணைத்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. முடிச்சு அவிழாமல் எந்தப் புரதத்தையும் அடையாளம் காண முடியாது. பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டபின், ஸ்லைடைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் அவிழ்ந்துவிடும் என்று 1991இல் ஷி என்ற ஆய்வாளர் மைக்ரோவேவ் அடுப்பை வைத்துக் காட்டினார். அதன்பின் உலகத்து லேப்களெல்லாம் சமையல் பாத்திரம் வாங்கக் கிளம்பின. பக்கத்து மேஜையில் இதையே தானாகச் செய்யும் வெளிநாட்டு எந்திரமும் இருக்கிறது. இன்று அதற்கு சர்வீஸ் இன்ஜினியர் வர வேண்டும். குக்கருக்கு யாரும் வர வேண்டாம், கேஸ்கட் மாற்றினால் போதும்.

"மூணு விசில் வந்ததும் கூப்பிடுங்க!" என்று கத்திவிட்டு அவள் டீ குடிக்கப் போகிறாள். விசில் எண்ணுவதற்கு என்னை விட்டுவிட்டுப் போனாள். இந்தப் பொறுப்பைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டேன்.

கொதித்து ஆறிய ஸ்லைடின் மேல் சொட்டுச் சொட்டாக ஆன்டிபாடி விடுகிறார்கள். முயலிடமோ எலியிடமோ பிறந்த சரக்கு. ஒவ்வொரு ஆன்டிபாடியும் ஒரே ஒரு புரதத்தைத்தான் தேடிப் பிடிக்கும். பிடித்த இடத்தில் கடைசியில் பழுப்பு நிறம் ஏறும். அவ்வளவுதான் சூட்சுமம்: பழுப்பு வந்தால் ஆள் இருக்கிறான். சுண்டுவிரல் அளவுக் குப்பியின் விலையைக் கேட்டேன். சொன்னார்கள். குப்பியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

ஒவ்வொரு தடவையும் கூடவே ஒரு சாட்சி ஸ்லைடும் ஓடும். தசைப் புரதத்துக்கு யாரோ ஒருவரின் குடல்வால், செல் பிரியும் வேகத்தைக் காட்டும் புரதத்துக்கு ஏதோ ஒரு குழந்தையின் டான்சில். அவற்றில் பழுப்பு வராவிட்டால் மொத்த வேலையும் குப்பை, முதலிலிருந்து செய்ய வேண்டும். ஐஸ்கிரீம் கொடுத்து ஏமாற்றி எடுத்த டான்சில் இப்படி வருஷக்கணக்கில் உழைத்துக்கொண்டிருப்பது அந்தக் குழந்தைக்குத் தெரியுமா?

டீ வருகிறது, வெளி வராந்தாவில்தான். அங்கே ஸ்லைடு வாங்கும் ஜன்னல். ஜன்னலில் தெற்கத்திப் பேச்சு கேட்டதும் நானும் ஆர்.கே.புரத்துப் பெண்ணும் திரும்பினோம். இரண்டாவது கருத்துக்காக ஊரிலிருந்து மெழுகு பிளாக் கொண்டுவந்திருக்கிறார் ஒரு பெரியவர். ரயிலில் இரண்டு ராத்திரி. கர்ச்சீப்பில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பாவை மடியிலேயே வைத்து. "வெயிலு பலமா இருந்திச்சு. உருகிருக்காதுல்ல தாயி?" அவள் டப்பாவை வாங்கித் திறந்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உருகல அண்ணாச்சி. ஐம்பத்தஞ்சு டிகிரிக்கு மேல போனாத்தான் உருகும். பத்திரமாக் கொண்டாந்திருக்கீங்க. மொதல்ல சாப்பிட்டீங்களா?" அவருக்குச் சிரிப்பு வந்தது, ஊரை விட்ட பிறகு முதல் சிரிப்பு என்று தோன்றியது. எய்ம்ஸில் சார்கோமாவுக்கென்றே தனி கிளினிக் நடக்கிறது. அங்கே போக வழியையும் பஸ் எண்ணையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். இதெல்லாம் அவள் வேலைப் பட்டியலில் கிடையாது.

கடைசி அறை, ஏ.சி. உள்ள ஒரே அறை. நடுவே ஒரு மைக்ராஸ்கோப், அதிலிருந்து கிளை பிரிந்து ஐந்து ஜோடிக் கண்களுக்கு இடம். தலைமை டாக்டரம்மா ஸ்லைடை நகர்த்த நகர்த்த எல்லோரும் ஒரே காட்சியைப் பார்க்கலாம். எனக்கும் ஒரு கண்! மேஜை முழுக்க ஸ்லைடு தட்டு, பிஸ்கட் பாக்கெட், பிளக் இல்லாத சார்ஜர், பாதி தின்ற கொய்யா. பொதுமக்கள் நினைத்துக்கொண்டிருக்கும் பளபள ஆய்வுக்கூடம் சினிமாவில்தான்.

முதலில், நீ யார்? டெஸ்மின், ஆக்டின், கால்டெஸ்மான் என்று தசைப் புரதங்கள் வரிசையாக வந்தன. பழுப்பு, பழுப்பு, பழுப்பு. ஓரத்தில் ஒரு ரத்தக் குழாயின் சுவரும் பழுப்பு. அதுவும் மென்தசைதானே, சாயம் சரியாகப் பிடித்திருக்கிறது என்பதற்கு உள்வீட்டுச் சாட்சி. ஆள் மென்தசைக் குடும்பம்தான், சந்தேகமில்லை.

அடுத்து, எவ்வளவு வேகம்? இதற்கு கேஐ-67. பிரியத் தயாராகும் செல்லின் கருவில் மட்டும் இருக்கும் புரதம். 1983இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள். ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்து, சோதனைத் தட்டில் இருந்த 96 குழிகளில் 67ஆவது குழி, பெயர் ரெடி. குழி மாறியிருந்தால் உலகமே வேறு எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இதை எண்ண வேண்டும், கையால். பழுப்புக் கரு எத்தனை, நீலக் கரு எத்தனை. படத்தை அச்செடுத்து, இரண்டு ரெசிடென்ட்கள் ஆளுக்கொரு ஸ்கெட்ச் பேனாவோடு ஒவ்வொரு புள்ளியாக டிக் அடிக்கிறார்கள். பள்ளிக்கூடத்து ஹோம்வொர்க் மேஜை ஆகிவிட்டது. ஒருவருக்கு நூற்றுக்கு முப்பது சொச்சம், இன்னொருவருக்கு நாற்பதைத் தாண்டியது. "நீ ஹாட் ஸ்பாட்டா பார்த்து எடுத்துட்டே!" "நீ தூங்கற ஏரியாவை எடுத்திருக்கே!" பெரிய சண்டை. டாக்டரம்மா கொய்யாவைக் கடித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் இன்னொரு தடவை, ஒரே இடம்" என்றார். எண்ணிக்கை இறங்கி ஏறி, பக்கத்தில் வந்தது. எப்படியும் அதிகம்தான். சாதாரண ஃபைப்ராய்டில் இது மிகக் குறைவாகவே இருக்கும்.

பிறகு பி-53. 1979இல் கண்டறியப்பட்டது. செல் தறிகெட்டுப் போனால் நிறுத்துகிற காவல்காரப் புரதம். இதில் எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. எல்லாக் கருவும் அடர் பழுப்பாக இருந்தாலும் கெட்டது, ஒன்றில்கூடப் பழுப்பே இல்லாவிட்டாலும் கெட்டது! அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதுதான் இயல்பு. காவல்காரன் கெட்டுப்போய்க் குவிந்து கிடக்கலாம், ஊரை விட்டே ஓடியும் இருக்கலாம். இந்த ஸ்லைடில் வெறுமை. "சாயம் பிடிக்கலையோ?" என்று நான் அவசரப்பட்டேன். ரத்தக் குழாய்ச் செல்களில் அங்கங்கே தெரியும் பழுப்பை டாக்டரம்மா சுட்டிக் காட்டினார். சாயம் பிடித்திருக்கிறது. கட்டியில்தான் ஆள் இல்லை.

கடைசியாக ஹார்மோன் ஏற்பிகள், ஈஸ்ட்ரோஜனுக்கும் புரோஜெஸ்டிரோனுக்கும். இவை இருக்கும் கட்டிகள் சற்று நிதானமாக நடந்துகொள்வதாகப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையும் முயன்று பார்ப்பதுண்டு. எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் குனிந்தன. கருக்களில் பழுப்பு! கணிசமாக! "அச்சா ஹை" என்று மூன்று பேர் சேர்ந்து சொன்னார்கள். யார் என்றே தெரியாத ஒருவருக்காக ஓர் அறையே சந்தோஷப்படுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அப்படியானால் இவருக்கு என்ன ஆகும்? நான் கேட்டேவிட்டேன். டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பினார். வேகம் அதிகம், காவல் இல்லை, ஹார்மோன் ஏற்பி உண்டு. மூன்றும் ஒரே பக்கம் இழுக்கவில்லை. நோய் அபூர்வம் என்பதால் எந்த ஆய்வை எடுத்தாலும் சில பத்துப் பேர்தான் தேறுவார்கள். ஓர் ஆய்வில் ஜொலித்த புரதம் அடுத்ததில் மங்கிப்போகும். கேஐ-67 இத்தனைக்கு மேல் போனால் இப்படி என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு இந்தப் புற்றில் இல்லை. "கட்டி அஞ்சு சென்டிமீட்டரைத் தாண்டுச்சா, கர்ப்பப்பையை விட்டு வெளியே போச்சா, முழுசா எடுத்தாங்களா, உடைக்காம எடுத்தாங்களா, இதுதான் முதல்ல. என்னோட பழுப்புப் புள்ளி அதுக்குப் பின்னாடி வந்து உட்காரும். பக்கத்துல உட்காருறதால நிறைய உதவி, ஆனா டிரைவர் சீட் குடுத்துடக் கூடாது." புரதம் ஒன்றைப் பார்த்து ஆயுளைச் சொல்லிவிடலாம் என்று விளம்பரம் செய்பவர்கள் யாராவது இந்த அறைக்கு ஒரு மத்தியானம் வந்தால் தேவலை.

அப்புறம் தொடங்கியது உண்மையான அமளி: ரிப்போர்ட்டின் கடைசி வரி. 'மோசமான போக்குடன் தொடர்புடையது' என்று ஒருவர், 'தொடர்பு இருக்கலாம்' என்று இன்னொருவர். ஹார்மோன் ஏற்பியை முதலில் போடுவதா, கேஐ-67ஐ முதலில் போடுவதா? "முதல் வரியைத்தான் வீட்டுக்காரங்க கூகுள் பண்ணுவாங்க மேடம்" என்றார் இளைய ரெசிடென்ட். இரண்டு வரி அடித்து, மூன்று வரி சேர்த்து, அதில் ஒன்றை மறுபடி அடித்து... நடுவே மேஜைத் தொலைபேசி அலறியது. மேலே அறுவை சிகிச்சை நிபுணர். ரிப்போர்ட் என்ன ஆச்சு?

"டைப்பிங்கில் இருக்கு சார்!" அறையே ஒரே குரலில் சொன்னது. டைப் செய்பவர் மட்டும் வாசலில் நின்று, கால்டெஸ்மானுக்கு ஸ்பெல்லிங் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்.